நாற்பத்தைந்துக்கு முடித்த உருண்டை

சொச்சம்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. முட்டாள் என்றால் யார்? யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புகிறவன். ஊர் உலகம் அதைத்தானே இலக்கணமாக வைத்திருக்கிறது? அந்தக் கணக்கில் பார்த்தால் சொச்சம்பட்டியில் ஒரு முட்டாள்கூடத் தேறமாட்டான். அங்கே எந்த எண்ணைச் சொன்னாலும் ஒருவரும் நம்புவதில்லை. முதலில் சொன்ன எண்ணை ஒப்புக்கொள்வது அந்த ஊரில் மானக்கேடு.

விலையைச் சொல்லவில்லை. விலையில் பேரம் பேசாத ஊர் எங்கே இருக்கிறது? இவர்கள் எல்லா எண்ணிலும் பேசுவார்கள். டாக்டர் நாளைக்கு மூன்று மாத்திரை என்றால் இரண்டேகாலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். காய்ச்சல் நூற்றிரண்டு என்று நர்ஸ் சொன்னதை முக்கால் மணி நேரம் பேசித் தொண்ணூற்றொன்பதுக்கு இறக்கி, நோயாளியைச் சந்தோஷமாக வீட்டுக்குக் கூட்டிப் போன ஊர் அது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று பள்ளிக்கூடத்தில் சொன்னால், "ஐம்பத்திரண்டு வச்சுக்கலாம் சார்" என்பார்கள் பிள்ளைகள். சார் உள்ளூர்க்காரராக இருந்தால் ஐம்பத்துநாலுக்கு ஒத்துக்கொள்வார்.

ஆனால் எண் இல்லாத சொல்லை மீறவே மாட்டார்கள். ஓரமாகப் போ என்றால் ஓரமாகத்தான் போவார்கள், ஓரத்தில் கிணறு இருந்தாலும். எண் என்றால் பேரம், சொல் என்றால் வேதம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தானாக நடந்தது.

சொச்சம்பட்டி ஒரு கரட்டின் உச்சியில் இருக்கிறது. அடிவாரத்தில் தாழனூர். இடையில் ஆறு கிலோமீட்டர் ஒரே இறக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை தாழனூரில் தேர். காலையில் வடம் பிடித்தால் நாலு தெருவும் சுற்றி நிலைக்கு வந்து சேர விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். ஆண்கள் இருந்து பார்த்துவிட்டு வருவார்கள். பெண்கள் உச்சி வெயிலிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். பொம்பளைகளுக்குப் பொறுமை இல்லை என்று ஆண்கள் இதற்கு விளக்கம் சொல்வார்கள்.

பொறுமையா? பத்தாயிரம் பேர் கூடுகிற அந்தத் திருவிழாவில் ராட்டினம் உண்டு, மரணக்கிணறு உண்டு, மிளகாய் பஜ்ஜிக் கடை மட்டும் பதினேழு உண்டு. ஒரு பெண் ஒதுங்குவதற்கு ஒரு மறைப்பு கிடையாது. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு மூலை கிடையாது. அதிகாலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் மதியம் வரை தாக்குப்பிடிப்பதற்குப் பெயர் பொறுமை இல்லாமல் வேறென்னவாம்?

மரகதத்துக்கு நாற்பத்தொரு வயது. தேர் கிளம்புவதை வருஷா வருஷம் பார்த்திருக்கிறாள். தேர் நிலைக்கு வருவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இந்த வருஷம் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தாள். அவள் மகளிர் குழுத் தலைவி. அந்தப் பக்கம் படம் எடுக்க வந்த ஒரு கம்பெனி, வேலை முடிந்ததும் தன் கேரவனை விற்றுவிட்டுப் போகப் பார்த்தது. சக்கரம் வைத்த வீடு அது; ஊர் அதைப் பெட்டி என்றது. உள்ளே கட்டில், கை கழுவும் தொட்டி, மின்விசிறி, தாழ்ப்பாள் உள்ள கக்கூஸ். குழுவே சேர்ந்து அதை வாங்கியது. ஒரு டிராக்டர் அதை ஊர் எல்லையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது.

அதற்குச் சொந்த இஞ்சின் கிடையாது. இரண்டு பெரிய சக்கரம். நிறுத்தி வைக்கும்போது மூக்கைத் தாங்கிக்கொள்ள முன்னால் ஒரு குட்டிச் சக்கரம். மூக்கை இன்னொரு வண்டியில் மாட்டி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

விழாக் கமிட்டிச் செயலாளர் மரகதத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். குளத்துக்கு மேற்கே புளியமரத்தடி. ஒரே ஒரு நிபந்தனை. தேரன்று, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் பெட்டி அங்கே நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் ராட்டினக்காரருக்கு. அவர் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மரகதம் சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஊரே அதிர்ந்துபோனது. பத்து என்றதும் பத்துக்கே சரி என்றாளா? அவளுடைய மாமா வீரபாகு, சொச்சம்பட்டியின் தலைசிறந்த பேரக்காரர், இரவெல்லாம் தூங்கவில்லையாம். விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு தாழனூருக்கு இறங்கினார். மதியம் வியர்வையும் வெற்றியுமாக ஏறி வந்தார்.

"பத்து மணிய ஒம்பதுக்கு முடிச்சிட்டேன்" என்றார்.

மரகதம் அவரைப் பார்த்தாள். "மாமா, நேரம் குறைஞ்சா நமக்கு நல்லதா, கெட்டதா?"

"குறைஞ்சா எப்படித் தாயி கெட்டதாகும்? எட்டரைக்கே இறக்கியிருப்பேன். அந்த ஆளு அழுதுருவான்போல இருந்துச்சு, விட்டுட்டேன்."

இழுக்கப் பிக்கப் வண்டி இருந்தது. மரகதத்தின் கொழுந்தன் தவசி அதில் தக்காளி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவான். பேசுவதற்கு வீரபாகு இருந்தார். யோசிப்பதற்கு ஒண்டிமுத்து இருந்தான். ஒண்டிமுத்து ஊரின் மூளை. அவனிடம் ஒன்றைக் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வான். திறக்கும்போது கேட்டவர்கள் போயிருப்பார்கள். மூவரும் சேர்ந்து, இது ஆண்கள் வேலை என்று சொல்லி, வேலையை எடுத்துக்கொண்டார்கள்.

மரகதம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாள். முதலில் பெட்டி எவ்வளவு எடை என்று பாருங்கள், அதைத் தெரிந்துகொண்டு பட்டறைக்குப் போங்கள்.

ஊர் எல்லையில் ஒரு கல்குவாரி. அங்கே லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கும் மேடை உண்டு. மூவரும் பெட்டியைக் கையால் தள்ளி மேடைமேல் ஏற்றினார்கள். தள்ளிய களைப்பில் உள்ளே போய்க் கட்டிலில் சாய்ந்தார்கள். எடை போடுகிற பையன் தன் கூண்டிலிருந்து ஆயிரத்து இருநூற்றுப் பத்து கிலோ என்று கத்தினான்.

வீரபாகுவுக்கு இது அநியாயமாகப் பட்டது. பேசுவதற்காகக் கீழே இறங்கி வந்தார். ஆயிரத்து நூற்று முப்பது என்றது மேடை. அவர் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

"என்னைப் பாத்ததுமே எண்பது இறங்கிருச்சு" என்று உள்ளே குரல் கொடுத்தார். கேட்ட தவசி இந்த அதிசயத்தைப் பார்க்க இறங்கி வந்தான். ஆயிரத்து எழுபது. ஒண்டிமுத்துவும் வந்தான். ஆயிரம்.

அதற்குமேல் மேடை அசையவில்லை. தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு வீரபாகு அரை மணி நேரம் மன்றாடினார். ஊர்ப்பெயரைச் சொன்னார், தன் வயதைச் சொன்னார், எழுந்து போகிற மாதிரி நாலடி போய்த் திரும்பியும் பார்த்தார். ஆயிரம் ஆயிரமாகவே நின்றது. "இதான் அதோட கடைசி. கட்டுப்படியாகாம இறங்கச் சொல்லக் கூடாது" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். அவர்கள் வாழ்நாளில் எட்டிப்பிடித்த ஒரே சரியான எண் அதுதான். அதையும் பேரம் பேசித்தான் எட்டினார்கள் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

பட்டறைக்கு நானும் வருகிறேன் என்றாள் மரகதம். பத்து மணியைப் பத்துக்கே வாங்கி வந்தவளை எப்படிக் கடைக்குக் கூட்டிப் போவது? மறுத்துவிட்டார்கள். அவள் ஒரு அட்டையையும் பென்சிலையும் கொடுத்து, மேஸ்திரி சொல்கிற அளவையெல்லாம் அவர் கையாலேயே எழுதி வாங்கிவாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

தாழனூரில் சூசை மேஸ்திரி பட்டறை. முப்பது வருஷமாக டிராக்டர் டிரெய்லர் கட்டுகிறவர். பொறுமைசாலி. அன்று காலை வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இழுக்கறது ஒண்ணும் பெரிய காரியம் இல்ல பெரியவரே" என்று ஆரம்பித்தார் அவர். "நிறுத்தறதுதான் காரியம். பிரியாம கூட வர வைக்கறதுதான் காரியம்."

அட்டையில் எழுதிக்கொண்டே சொன்னார். பிக்கப்பின் பின்சட்டத்தில் ஓர் இரும்பு உருண்டை பொருத்த வேண்டும். பெட்டியின் மூக்கில் ஒரு கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. கிண்ணம் உருண்டைமேல் உட்கார்ந்து கவ்விக்கொள்ளும். கிண்ணம் ஐம்பது மில்லிமீட்டர், ஆகவே உருண்டையும் ஐம்பது. ஒருவேளை கழன்றாலும் பெட்டி ஓடிவிடாமல் பிடிக்க இரண்டு சங்கிலி, ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நூறு கிலோ, மூக்கில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி வாலாட்டும். அதற்காகக் கனமான சாமான்களை உள்ளே முன்பக்கம் அடுக்க வேண்டும். டயரில் காற்று அறுபத்தைந்து. குட்டிச் சக்கரத்தைக் கைப்பிடியால் இருபது சுற்றுச் சுற்றி நன்றாக மேலே ஏற்றிவிட வேண்டும். வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாது.

வீரபாகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"உருண்டைய எடுத்துக்குவோம். நாப்பது."

"இது விலையில்ல பெரியவரே. அளவு."

"அளவுதாம்ப்பா. நாப்பத்திரண்டு."

"கிண்ணம் அம்பது. உருண்டையும் அம்பது இருந்தாத்தான் கவ்வும்."

"கிண்ணக்காரர் யாருன்னு சொல்லு, அவர்கிட்டயும் பேசிடுறேன்."

சூசை மேஸ்திரி துணியில் கையைத் துடைத்தார். தவசியைப் பார்த்தார். தவசி ஊர்ப்பாசத்தோடு, "நாப்பத்தஞ்சுக்கு ஒத்துக்கங்கண்ணே, மாமா அதுக்கு மேல வரமாட்டாரு" என்றான்.

இப்படியே ஒவ்வொன்றாகப் போனது. காற்று ஐம்பதுக்கு வந்தது. வேகம் பன்னிரண்டுக்கு வந்தது. குட்டிச் சக்கரம் நாலு சுற்றில் நின்றது. மூக்கு எடை எழுபத்தைந்து. சங்கிலிதான் இழுபறி. இரண்டிலிருந்து ஒன்றரை, ஒன்றரையிலிருந்து ஒன்று, கடைசியில் அரை. மேஸ்திரி எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அட்டையில் எழுதியதை வீரபாகு பென்சிலால் அடித்து அடித்துத் தானே திருத்திக்கொண்டார்.

மேஸ்திரி பட்டறையை இழுத்துச் சாத்துவதற்கு முன் எண் இல்லாத மூன்று வார்த்தைகள் சொன்னார். பக்கக் கண்ணாடி பெரிதாக வையுங்கள். பின்னால் வேகமாக வண்டி வந்தால் ஓரங்கட்டி வழிவிடுங்கள். பெட்டியின் மூக்குக்குப் பக்கத்தில் ஒரு பிரேக் பிடி இருக்கிறது, ஏதாவது ஆனால் அதை இழுங்கள். இந்த மூன்றையும் மூவரும் கைகட்டிக் கேட்டு, வார்த்தை சிந்தாமல் எடுத்துக்கொண்டார்கள்.

நாற்பத்தைந்து உருண்டை பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. எந்தக் காலத்து இயந்திரத்தின் எந்த மூட்டோ. கடைக்காரர் எதற்கு என்று கேட்கவில்லை. அவரே ஒரு சங்கிலியையும் பாதியாக அறுத்துக் கொடுத்தார்.

மரகதம் அட்டையை வாங்கிப் பார்த்தாள். அடித்த எண்களும் தெரிந்தன, எழுதிய எண்களும் தெரிந்தன. அவள் நேரே பெட்டியிடம் போய்க் கிண்ணத்துக்குள் உருண்டையை வைத்து ஆட்டினாள். கோயில் மணி மாதிரி ஆடியது.

"அம்பதுக்குள்ள நாப்பத்தஞ்சு. மிச்சம் அஞ்சுக்கு என்ன பதில்?"

ஒண்டிமுத்து கண்ணை மூடினான். இந்தத் தடவை சீக்கிரமே திறந்துவிட்டான். "துண்டு சுத்திக்கலாம் மதினி" என்றான்.

"பாதிச் சங்கிலிய எங்க மாட்டுவீங்க?"

இதற்கு ஒரு கூட்டமே போட வேண்டியிருந்தது. பாதிச் சங்கிலி பெட்டிக்கும் பிக்கப்புக்கும் நடுவே எட்டவில்லை. ஒரு முனையைப் பெட்டியில் மாட்டலாம், மறுமுனை தொங்கும். முழுச் சங்கிலிக்கு இரண்டு முனை மாட்ட வேண்டும் என்றால் பாதிச் சங்கிலிக்கு ஒரு முனை மாட்டுவதுதானே நியாயம் என்று ஒண்டிமுத்து விளக்கினான். கேட்டவர்கள் மெய்சிலிர்த்தார்கள். மரகதம் வேறு டிராக்டர் கிடைக்குமா என்று நாலு பக்கம் ஆள் அனுப்பினாள். எல்லா டிராக்டரும் திருவிழாவுக்குப் பந்தல் மூங்கில் இழுக்கப் போயிருந்தது.

மூக்கில் எழுபத்தைந்து கிலோ உட்கார வேண்டும் என்பதில் மட்டும் குழப்பமே இல்லை. உட்காருவதற்கு ஆள் இருக்கும்போது சாமானை எதற்கு அடுக்குவது? எடைமேடையில் ஒண்டிமுத்துவின் எடை எழுபது என்று தெரிந்திருந்தது. குறைந்த ஐந்து கிலோவுக்கு அவன் மடியில் ஒரு பூசணிக்காய் வைத்துப் பார்த்தார்கள். கச்சிதமாக இருந்தது. கண்ணாடி பெரிதாக வேண்டும் என்பதற்காக ஊர் முடிதிருத்தகத்துக் கண்ணாடியைக் கழற்றி வந்து தவசி தன் கதவில் கட்டிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மரகதம் குழுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆறு மணிக்கே நடந்து இறங்கினாள். ஏன் இப்போதே போகிறாய் என்று வீரபாகு கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: "இது எப்படியும் கீழ வந்து சேரும் மாமா. எப்படி வரும்னுதான் தெரியல." வழியெல்லாம் ஆட்டுக்காரர்களையும் பிள்ளைகளையும் சாலையைவிட்டு மேட்டில் ஏறி நிற்கச் சொல்லிக்கொண்டே போனாள்.

எட்டரைக்குப் பிக்கப் கிளம்பியது. முன்னால் தவசியும் வீரபாகுவும். பின்னால் பெட்டி. பெட்டியின் மூக்கில் பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு ஒண்டிமுத்து. வேகம் பன்னிரண்டு. வழியில் நடந்துபோன இரண்டு பேர் கூடவே நடந்து, கதவுக் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவி முடித்துவிட்டு, நன்றி சொல்லி விலகினார்கள்.

மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு வேகத்தடை. பிக்கப் அதை ஏறி இறங்கியது. கிண்ணம் துள்ளியது. துண்டு அவிழ்ந்து காற்றில் போனது. உருண்டை கிண்ணத்திலிருந்து சத்தமில்லாமல் நழுவிக்கொண்டது. மூக்கு தரையில் குத்தியிருக்க வேண்டும். ஆனால் இருபது சுற்று ஏற்ற வேண்டிய குட்டிச் சக்கரம் நாலே சுற்றில் நின்றிருந்ததால் அது வந்து தரையில் பதவிசாக உட்கார்ந்துகொண்டது. பெட்டி வேகத்தடையில் ஒரு நொடி நின்று யோசித்தது. பிறகு பின்னால் இருந்த கனம் தள்ள, அதையும் தாண்டி இறங்க ஆரம்பித்தது.

ஒண்டிமுத்துவின் கைக்கு எட்டும் இடத்தில் பிரேக் பிடி இருந்தது. ஏதாவது ஆனால் இழு என்பது உத்தரவு. அவன் கண்ணை மூடி யோசித்துப் பார்த்தான். ஏதாவது ஆகியிருக்கிறதா? எதிரே மறைத்துக்கொண்டிருந்த பிக்கப் விலகிக் காற்று நன்றாக வந்தது. வேகமும் முன்பைவிடப் பரவாயில்லை. ஒன்றும் ஆகவில்லை. அவன் பிடியை இழுக்கவில்லை. குட்டிச் சக்கரம் சாலையைவிட்டு விலகும்போதெல்லாம் காலால் அதை ஒரு உதை உதைத்து நேராக்கிக்கொண்டான்.

முன்னால் தவசி முடிதிருத்தகக் கண்ணாடியில் ஒரு வண்டி பின்னால் வருவதைப் பார்த்தான்.

"மாமா, பின்னால ஒரு பெட்டி வண்டி வருது. நம்மளுது மாதிரியே இருக்கு."

"நம்மளுது பின்னாலதானே வருது?"

"ஆமா."

"அப்ப அதான்."

"ஆனா வேகமா வருது மாமா. நம்மளுது பன்னண்டுலதானே வரணும்."

"அப்ப அது வேற. ஓரங்கட்டு. மேஸ்திரி சொன்னாருல்ல."

தவசி ஓரங்கட்டினான். பெட்டி பக்கத்தில் வந்தது. மூக்கில் ஒண்டிமுத்து.

"எங்கப்பா கிளம்பிட்ட?" என்றார் வீரபாகு.

"தாழனூருக்கு மாமா. நீங்க?"

"நாங்களும் அங்கதான்."

"அப்ப சரி. பாத்து வாங்க" என்று சொல்லிவிட்டு ஒண்டிமுத்து வளைவில் மறைந்தான்.

பிக்கப் அங்கேயே நின்றது. ஓரங்கட்டச் சொன்ன சூசை மேஸ்திரி, மறுபடி எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்லவில்லை. இதையும் முட்டாள்தனம் என்பீர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் முட்டாள் என்றால், சொல்லாமல் விட்டவருக்கு என்ன பெயர் என்று எனக்குச் சொல்லுங்கள்.

தாழனூரில் மணி எட்டே முக்கால். புளியமரத்தடியில் மரகதமும் இருபது பெண்களும் நின்றிருந்தார்கள். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணி என்று சொன்னவர்தான். ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனது சொச்சம்பட்டிப் பெரியவர்தானே என்று வருத்தத்தோடு காகிதத்தைக் காட்டினார். ராட்டினக்காரர் அதற்குள் மரத்தடியில் ஓர் இரும்பு முளையை அடித்து இறக்கிவிட்டார். ஒன்பதடித்ததும் கயிறு கட்டுவதாகத் திட்டம்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. தெருக்கோடியில் சலசலப்பு. யாரும் இழுக்காத ஒரு வீடு, முன்னால் ஒரு மனிதனையும் ஒரு பூசணிக்காயையும் வைத்துக்கொண்டு, வேகம் குறைந்து ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. காற்றுக் குறைந்த டயர்கள் சமதளத்தில் சப்பிச் சப்பி அதை மெதுவாக்கியிருந்தன. ஆனால் நிற்கிற உத்தேசம் தெரியவில்லை. மரத்தைத் தாண்டினால் குளம்.

நிறுத்து, பிரேக் பிடி, குதி என்று ஆளுக்கொன்றாகக் கத்தினார்கள். அஞ்சடியில் நிறுத்து என்று செயலாளர் சொன்னார். நாலடியில் நிறுத்துகிறேன் என்று ஒண்டிமுத்து பதில் கொடுத்தான்.

மரகதம் பெட்டிக்குப் பக்கவாட்டில் ஓடி வந்து, எண் எதுவும் கலக்காமல், ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"இழு."

ஒண்டிமுத்து பிடியை இழுத்தான். பெட்டி நின்றது. பூசணிக்காய் மட்டும் நிற்காமல் போய் ராட்டினக்காரர் மடியில் விழுந்தது. தொங்கிக்கொண்டிருந்த பாதிச் சங்கிலியை மரகதம் எடுத்து, அவர் அடித்து வைத்திருந்த முளையிலேயே மாட்டி இறுக்கினாள்.

"முளை என்னுது" என்றார் ராட்டினக்காரர்.

"இடம் எங்களுது. முளைய வேணும்னா எடுத்துக்கங்க, சங்கிலி அவுந்தப்புறம்" என்றாள் மரகதம். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்து, பெட்டி நிற்கிறது என்று எழுதிக்கொண்டார்.

அன்று சொச்சம்பட்டிப் பெண்கள் காலையிலேயே வயிறு நிறையத் தண்ணீர் குடித்தார்கள். பானகம் குடித்தார்கள், நீர்மோர் குடித்தார்கள். குழந்தைகள் மின்விசிறிக்குக் கீழே தூங்கின. தாழ்ப்பாள் போட்டுத் திறக்கிற சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் தேர் கிழக்குத் தெரு திரும்பி, அசைந்து அசைந்து நிலைக்கு வந்தது. மரகதம் பெட்டியின் படியில் நின்று பார்த்தாள். தேர் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிக்கப் பதினொரு மணிக்குத்தான் வந்து சேர்ந்திருந்தது. அந்த வழியாக வந்த ஒரு பால்காரர் போங்கள் என்று சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வீரபாகுவை மரகதம் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி சொன்ன ஐம்பதைப் போட்டிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்குமா என்று கேட்டாள். அவர் இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"ஐம்பது போட்டிருந்தா பெட்டி எங்க கூடவே பதினோரு மணிக்கு வந்திருக்கும். இடம் போயிருக்கும். காத்து அறுபத்தஞ்சு இருந்திருந்தா குளத்துக்குள்ள போயிருக்கும். குட்டிச் சக்கரம் மேல ஏறியிருந்தா மூக்கு உடைஞ்சிருக்கும். முழுச் சங்கிலி இருந்திருந்தா முளையில மாட்ட ஒரு முனை மிச்சம் இருந்திருக்குமா? எதுல தாயி நான் தப்பாப் பேசுனேன்?"

எனக்கு வாதாடுவது பிடிக்கும். இந்த நாலு கேள்விக்கும் பதில் தேடிப் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்குக் கிடைத்தால் சொல்லியனுப்புங்கள்.

மறுநாள் காலையில் திரும்ப வேண்டும். பெட்டியை மறுபடி பிக்கப்பில் மாட்டுவதா என்று மூவரும் கூடிப் பேசினார்கள். வரும்போது தனியாகவே வந்த பெட்டிக்குப் போகும்போது எதற்குத் துணை? ஒண்டிமுத்துவை மூக்கில் உட்கார வைத்துக் காத்திருந்தார்கள். பெட்டி கிளம்பவில்லை. ஒண்டிமுத்துதான் குறையைக் கண்டுபிடித்தான். பூசணிக்காய் இல்லை. முந்தின நாளே அது அன்னதானச் சாம்பாரில் போயிருந்தது. மூவரும் பூசணிக்காய் வாங்கச் சந்தைக்குப் போனார்கள். ஐந்து கிலோக் காயை வீரபாகு மூன்று கிலோவுக்குப் பேசி முடித்தார். கடைக்காரர் இரண்டு கிலோவை வெட்டி எடுத்துக்கொண்டார்.

அவர்கள் அந்தப் பக்கம் போன நேரத்தில் சூசை மேஸ்திரி இந்தப் பக்கம் வந்தார். பிக்கப்பின் பின்னால் இருந்த உருண்டையைப் பார்த்தார். திரும்பிப் போய், ஐம்பது உருண்டையும் இரண்டு முழுச் சங்கிலியும் காற்றடிக்கிற பம்பும் கொண்டுவந்தார். மரகதம் அட்டையைப் பிடித்துக்கொண்டு, அடிக்கப்பட்ட எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். கனமான சாமான்களைப் பெண்கள் முன்பக்கம் அடுக்கினார்கள். தவசி சாவியை வண்டியிலேயே விட்டுப் போயிருந்தான். மேஸ்திரியே ஓட்டினார், மரகதம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மூவரும் காயோடு திரும்பி வந்தபோது, பெட்டி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து பார்க்கும்போது பெட்டி மட்டும்தான் தெரிந்தது.

"காய் வாங்கிட்டோம்ங்கிற சேதி அதுக்கு எட்டிருச்சு" என்றான் ஒண்டிமுத்து.

தவசி சுற்றுமுற்றும் பார்த்தான். "என் பிக்கப் எங்க?"

அப்போது வளைவு வந்தது. பெட்டிக்கு முன்னால் பிக்கப் தெரிந்தது.

"அந்தா. பெட்டி அதத் தள்ளிக்கிட்டுப் போகுது பாரு" என்றார் வீரபாகு. "உனக்கு இனிமே டீசல் செலவே கிடையாது."

மூவரும் நடந்தே கிளம்பினார்கள். சாலையோரத்துக் கல்லில் சொச்சம்பட்டி ஆறு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. வீரபாகு அந்தக் கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, வெயில், வயசு, ஏற்றம் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி, நாலுக்கு முடித்தார்.

நாலாவது கிலோமீட்டரில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் விட்டுவிட்டு, மூவரும் நடுக்காட்டில் உட்கார்ந்தார்கள். ஒண்டிமுத்து மடியில் மூன்று கிலோப் பூசணிக்காய். எதிரே ஒரு ஓணான்.

"ஊரக் காணோமே மாமா" என்றான் தவசி.

"பேசுன இடத்துக்கு நாம வந்துட்டோம்டா" என்றார் வீரபாகு, காலை நீட்டிக்கொண்டு. "இனிமே வர வேண்டியது ஊரு."